இரண்டு வெள்ளை வயர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அடி வாங்கிய கதையில்தான் வந்து நிற்கும். ஒருத்தருக்கு ரோத்தான் பிரம்பு, ஒருத்தருக்கு இடுப்பு பெல்ட், ஒருத்தருக்கு வாத்தியார் எறிந்த மரக்கட்டை. சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். "அந்தக் காலத்து அடிதான் நம்மள ஆளாக்குச்சு" என்று யாராவது முடித்து வைப்பார்கள். எல்லாரும் தலையை ஆட்டுவீர்கள். நான் ஆட்டியதில்லை. இவளுக்கு எப்போதும் ஒரு வீம்பு என்று நினைத்திருப்பீர்கள். வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். காரணத்தை இத்தனை வருடமாகச் சொன்னதில்லை. போன வாரம் என் மருமகன் செய்த ஒரு சின்னக் காரியத்தால் இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது.

என் மகள் வீடு புக்கிட் காதிலில். மருமகனுக்குப் பழைய கார் என்றால் உயிர். நம் சின்ன வயதில் ஓடிய கறுப்புக் கார் ஒன்று எங்கேயோ கோழி அடையும் கூண்டாகக் கிடந்ததாம். அதை இழுத்து வந்து ஒரு வருடமாகத் தட்டிக் கொட்டிக்கொண்டிருக்கிறார். நான் போன அன்று பானெட்டைத் திறந்து வைத்து ஃபியூஸ் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒன்று, ஒரு ஓரம் கருகி வெடித்திருந்தது.

"இத மோந்து பாருங்க அத்தை. இத்தன வருஷமாகியும் கருகல் வாடை போகல்லே" என்று மூக்கருகே நீட்டினார்.

என் இடது கன்னம் எரிந்தது. மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கன்னம்தான் எரிந்தது. காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டேன். "என்னா அத்தை, தல சுத்துதா?" என்றார். வெயில் என்று சொன்னேன். அது பொய். எனக்கு அப்போது வயது பத்து, நான் காஜா பெராங்கில் எங்கள் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா கார் ரிப்பேர் செய்பவர். வீட்டு முன்பக்கத்தைத் தகரக் கூரை போட்டுப் பட்டறையாக்கியிருந்தார். மண் தரை எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப் பளபளக்கும், வெறுங்காலில் நடந்தால் வழுக்கும். பின்னால் ஒரே அறையும் அடுப்படியும். வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ் மறந்துபோன மலாக்கா செட்டிகள் வீடு. அந்த வீட்டு அக்கா கெபாயா சட்டை போட்டு, சாரோங் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, மலாயில்தான் பேசுவாள். காலையில் அவள் பிளாச்சான் என்கிற இறால் விழுதை வறுக்கும் வாசமும் எங்கள் பட்டறைப் பெட்ரோல் வாசமும் கலந்து வரும். இன்றைக்கும் இரண்டில் ஒன்று தனியாக வந்தால் ஏதோ குறைவது போல இருக்கும் எனக்கு.

அப்பா எஞ்சின் வேலையில் கெட்டிக்காரர். காதை வைத்துக் கேட்டே எது பழுது என்று சொல்லிவிடுவார். கையில் எது இருக்கிறதோ அதால் அடிப்பார். கார் சாமான்களின் பெயர்களை நான் அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள். ஃபேன் பெல்ட் சுரீர் என்று விழும், தடம் ஒரு வாரம் இருக்கும். ரேடியேட்டர் ஓஸ் விழுந்தால் சத்தம் அதிகம், வலி குறைவு. அம்மாவுக்கு இதெல்லாம் கிடையாது. அவளுக்குக் கைதான், கால்தான். சுதந்திரம் வந்த அன்று அப்பா பாடாங் திடலில் கூட்டத்தோடு நின்று "மெர்டேக்கா" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தார். வீட்டில் சோறு இன்னும் வடிக்கவில்லை. கத்திக் கத்திக் குரல் போயிருந்ததால் அன்று திட்டாமல் வெறுமனே அடித்தார். பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் கொடி போட்ட கப் ஒன்று கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்களுடையது எங்கே போனதோ. என்னுடையது அன்றே அம்மாவின் தோளில் பட்டு விளிம்பு நெளிந்தது.

சித்தப்பாவையும் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தம்பி. இருபத்திரண்டு வயதிருக்கும், பட்டறையிலேயே ஒரு மூலையில் கேன்வாஸ் கட்டிலில் படுப்பார். காரின் வயரிங் வேலை முழுக்க அவர்தான். அப்பாவின் தடித்த விரல்கள் அந்தச் சின்னத் திருகாணிகளில் நிற்காது. சித்தப்பாவுக்குப் பெண் விரல் மாதிரி நீளமான விரல்கள். அந்த விரல்களுக்காகவே அப்பா அவரைக் கொஞ்சம் வெறுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. வாடிக்கைக்காரர்கள் வந்தால், "உன் தம்பி இல்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வாரத்தில் ஆயுத பூசை வந்தது. அப்பா மற்ற நாளில் கோயில் பக்கமே போகமாட்டார். ஆனால் ஆயுத பூசை என்றால் அவரைப் போல நேமம் பார்ப்பவர் மலாக்காவிலேயே கிடையாது. முதல் நாளே ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, ஸ்குரூடிரைவர் என்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பலகையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பார். ஃபியூஸும் பல்பும் போட்டு வைக்கும் பால்மாவு டின்னுக்கும் பொட்டு உண்டு. பூசை முடிந்தால் மறுநாள் காலை கற்பூரம் காட்டும் வரை எதையும் தொடக் கூடாது. அம்மாவின் அரிவாள்மனையும் அந்தப் பலகையில்தான் இருக்கும். அன்றைக்குக் காய் நறுக்க வேண்டுமானால் அவள் பல்லால்தான் கடித்துப் போட வேண்டும். என் பென்சிலுக்கும் அன்று விடுமுறை.

அன்று பிற்பகல் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி, மருமகனுடையது போலவே ஒரு கறுப்புக் காரோடு வந்து நின்றார். காரின் எஞ்சினைப் போன வாரம்தான் அப்பா சரிபண்ணிக் கொடுத்திருந்தார். இப்போது கைகாட்டி எழவில்லை, பிரேக் விளக்கும் எரியவில்லை என்றார். உங்களுக்கு நினைவிருக்கும், அந்தக் கார்களுக்குக் கதவோரத்தில் செருகியிருக்கும் சின்னக் கை, திரும்பும்போது மஞ்சள் விளக்கோடு எழுந்து நிற்கும். உஜோங் பாசிரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறாராம். வழியில் கையைக் காட்டாமல் திரும்பினால் போலீஸ்காரன் நிறுத்துகிறான் என்று குறைப்பட்டார்.

அப்பா பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். ஃபியூஸ் பெட்டியில் கண்ணாடிக் குழாய் ஒன்று உள்ளே கம்பி அறுந்து கறுத்திருந்தது. பெட்டியிலேயே உபரிக்கு இரண்டு குழாய் வைக்க இடம் உண்டு, அது காலி. புதுக் குழாய்கள் எல்லாம் பால்மாவு டின்னில், சந்தனப் பொட்டோடு சாமி பலகையில் இருந்தன.

"ஒரு குழாய்தானேய்யா, எடுத்துப் போடு. சாமி கோச்சுக்காது" என்றார் கிராணி.

"நாளைக்குக் காலையிலே கற்பூரம் காட்டாம ஒரு ஸ்குரூகூட அசையாதுங்க கிராணி. எங்க அப்பன் காலத்துலேருந்து அப்படித்தான்" என்றார் அப்பா. மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏய், நீ சேத்து வெச்சிருக்கியே சிகரெட்டு வெள்ளித்தாளு, அதுல ஒண்ணு கொண்டா."

நான் வெள்ளித்தாள் சேர்ப்பவள். அப்பா குடித்துப் போடும் சிகரெட் பெட்டிகளிலிருந்து உருவி, நகத்தால் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கம் எடுத்து, பழைய கணக்கு நோட்டுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக வைத்திருந்தேன். இருந்ததிலேயே சின்னதாக ஒன்றை எடுத்து வந்தேன். அப்பா நோட்டையே பிடுங்கி, பெரியதாக, முகம் தெரியும் அளவுக்கு நான் தேய்த்து வைத்திருந்ததை உருவினார். அதை மடித்து, அறுந்த கண்ணாடிக் குழாயைச் சுற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கினார். முறுக்கி முறுக்கி ஒட்டியதும் பெட்டியில் செருகினார். கைகாட்டி டக்கென்று எழுந்தது. கிராணி சிரித்தார். "காலையிலே வந்துருங்க, புதுசு போட்டுத் தர்றேன்" என்று அப்பா சொல்லத்தான் செய்தார். சித்தப்பா அப்போது மாரியம்மன் கோயிலில் அன்னதானத்துக்கு வாளி தூக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே இல்லை.

கிராணி மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஃபியூஸ் என்பது வயர் சூடாவதற்கு முன் தான் அறுந்து வண்டியைக் காப்பாற்றுவது. வெள்ளித்தாள் அறாது. எங்கேயோ மழைத் தண்ணீர் இறங்கிக் கைகாட்டி வயர் ஒட்டிக்கொள்ள, அத்தனை சூடும் பெட்டிக்கு வந்திருக்கிறது. நாலாம் நாள் காலை, ஜாலான் பெண்டஹாராவில் நகைக்கடை வாசலில் கார் புகையத் தொடங்கிவிட்டது. கிராணியின் மகள் கதவைத் திறந்து குதித்ததில் முழங்கை தேய்ந்து எலும்பு தெரிந்ததாம். லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் வாசலில் போட்டார்கள்.

கிராணி இறங்கிய வேகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. கையில் கருகிய வெள்ளித்தாள். "யாருய்யா இத வெச்சது? எம்பொண்ணு செத்துருப்பாய்யா!" என்று சட்டை தெறிக்கக் கத்தினார். சாலையில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். வைத்தது யார் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று அவர் பானெட்டுப் பக்கம் வரவே இல்லை, காருக்குள் உட்கார்ந்து கைகாட்டி எழுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்; தூக்கிய பானெட் மறைத்ததில் வைத்தது யார் கை என்று பார்க்கவில்லை. அப்பா கூட்டத்தைப் பார்த்தார். கிராணியைப் பார்த்தார். "என் தம்பிதாங்க. வயரிங் வேலையெல்லாம் அவன்தான்" என்றார்.

பக்கத்தில் நின்ற சித்தப்பாவைக் கிராணி கன்னத்தில் அறைந்தார். ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூன்று தடவை. சித்தப்பா அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா குனிந்து தரையில் எதையோ தேடினார். "நாளைக்குக் காலையிலே வண்டி ஓடணும்" என்று சொல்லிவிட்டுக் கிராணி போனார். சித்தப்பா உதட்டைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்து, டவுனில் சீனர் சாமான் கடைக்குப் புதுப் பெட்டி வாங்கப் போனார்.

அவர் திரும்பி வர மத்தியானமாகிவிட்டது. அதற்குள் அப்பா சம்சுச் சாராயம் குடித்திருந்தார். சித்தப்பா அட்டைப்பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூறலில் நனைந்து வந்து நுழையவும், வானம் பிளந்துகொண்டு கொட்டவும் சரியாக இருந்தது. தகரக் கூரையில் மழை விழும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. சித்தப்பா கொஞ்சம் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, அன்னைக்கி நான் இங்க இல்லே. உங்களுக்கே தெரியும்."

"நான் பொய் சொல்றேங்குறியா? ஊரு முன்னாடி என்னைய பொய்யன்கிறியா?"

அவ்வளவுதான். பிடரியைப் பிடித்துக் காரின் மட்கார்டில் மோதினார். இரண்டாவது தடவை மோதியபோது சித்தப்பாவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. ஒருவேளை அது துணிச்சலே இல்லை, என் நல்ல வெள்ளித்தாள் போன ஆத்திரம்தானோ என்னவோ.

"அப்பா, நீங்கதானே என்கிட்டே வாங்கி முறுக்கி வெச்சீங்க! சித்தப்பா இல்லே!"

அப்பா திரும்பினார். ஆணியில் தொங்கிய ஃபேன் பெல்ட்டை எடுத்தார். முதல் வீச்சு இடது கன்னத்தில் விழுந்தது. கண்ணுக்குக் கீழே தொடங்கிக் காது வரைக்கும். வலி உடனே வரவில்லை, முதலில் ரப்பர் வாசம்தான் வந்தது. இரண்டாவது கழுத்தில், மூன்றாவது தலைக்கு மேல் தூக்கிய கையில். நான் காருக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டேன். ஓட இடமில்லை. சித்தப்பா குறுக்கே வந்து பெல்ட்டைப் பிடித்தார். பிடித்த கையை அப்பா விடவில்லை. அதை இழுத்து மட்கார்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, மறு கையால் பெரிய ஸ்பேனரை எடுத்து விரல்களின் மேல் அடித்தார். வலது கை. ஒரு தடவை அல்ல. எலும்பு உடையும் சத்தம் அத்தனை மழையிலும் கேட்டது. அந்த விரல்கள்தான் அவருக்குக் குறி என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

சித்தப்பா மண்டியிட்டு விழுந்தார். அப்பா ஸ்பேனரோடு என் பக்கம் திரும்பினார். "எவ பொய் சொல்றா?" என்றார். கையை ஓங்கினார். ஸ்பேனரின் வாயில் சித்தப்பாவின் ரத்தம் இருந்தது.

அம்மா எப்போது உள்ளே வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில் அவள் கையில் இருந்தது. பத்து வருடம் அடி வாங்கியவள், ஒரு தடவைகூடக் கையைத் தூக்காதவள். ஒரே அடி. இடது காதுக்கு மேலே. அப்பா திரும்பி அவளைப் பார்க்க முயன்றார். முழுதாகத் திரும்பவில்லை, அப்படியே பக்கவாட்டில் சரிந்து கார் படிக்கட்டில் தலை இடித்துத் தரையில் விழுந்தார். அம்மா ஹேண்டிலைக் கீழே போடவில்லை. இன்னொன்று வைக்க வேண்டுமா என்று யோசிப்பது போல நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அப்பாவுக்கு மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது. ஆனால் வலது பக்கம் அசையவில்லை, வாய் கோணிக்கொண்டது. காதிலிருந்து ரத்தம் மெல்ல இறங்கி எண்ணெய்த் தரையில் உருண்டது. அம்மா கோணியை விரித்து அவரைப் புரட்டிப் போட்டாள். பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிட ஓட்டம். செட்டி அக்கா வேலிப் பக்கத்திலிருந்து வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எட்டிப் பார்த்து, என்ன சத்தம் என்று மலாயில் கேட்டாள்.

"ஜாக்கி ஜாத்தோ, காக்" என்றாள் அம்மா. காக் என்றால் அக்கா; ஜாக்கி விழுந்துவிட்டதாம். எவ்வளவு சுளுவாக அந்தப் பொய் வந்தது!

"பாங்கில் டெக்சிலா!" என்று டாக்சி கூப்பிடச் சொன்னாள் அக்கா. அதற்குச் சித்தப்பாதான் பதில் சொன்னார். தரையில் உட்கார்ந்து, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்சி வேண்டாம், இங்கேயே கார் இருக்கிறது, கொண்டுபோய்விடுவோம் என்று மலாயில் சொன்னார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

அம்மா கேட்டாள்: "இந்தப் பொட்டி கருகிக் கெடக்கே தம்பி. இது இல்லாம வண்டி கெளம்பாதா?"

சித்தப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோணியில் கிடந்த அண்ணனைப் பார்த்தார்.

"கெளம்பாது அண்ணி. மாத்தித்தான் ஆவணும்."

அம்மாவும் அவரைப் பார்த்தாள். "சரி" என்றாள். அவர் கையைத் துண்டால் சுற்றிக் கட்டிவிட்டு, ஹேண்டிலைக் காரில் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்குரூடிரைவரை எடுத்து என்னிடம் கொடுத்தாள். சின்ன விரல் எனக்குத்தான் இருந்தது.

அந்த வேலையை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார் சித்தப்பா. பிறகு பழைய பெட்டியின் இரண்டு பெரிய திருகாணி. கருகி ஒட்டியிருந்தது, அம்மா பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். பெட்டி வெளியே வந்தபோது அடித்த வாடைதான் போன வாரம் மருமகன் நீட்டிய பெட்டியிலும் இருந்தது. வயர்களுக்கு அப்போது நூல் உறை. பழுப்பு, ஊதா, வெள்ளை, பச்சை. பச்சையின் உறை முழுக்க எரிந்து செம்பு தெரிந்தது. கத்தியால் சுரண்டி, கறுப்பு டேப்பைச் சுற்று சுற்றாகச் சுற்றினேன். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. அம்மா என் தலையைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

"பழுப்ப மேல் தொளையில விடு. இறுக்கு. இழுத்துப் பாரு, வருதா? வரல்லேன்னா அடுத்ததுக்குப் போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார் சித்தப்பா. முகமெல்லாம் வேர்த்திருந்தது, குரல் மட்டும் நடுங்கவே இல்லை. வெள்ளை வயர் இரண்டு வந்தன. எங்கே வைப்பது என்று கேட்டேன். "அது ரெண்டும் கடைசியா" என்றார். ஒரு திருகாணி கை தவறித் தரையில் விழுந்து அழத் தொடங்கினேன். "அழாதே. தேடி எடு. ஒண்ணொண்ணா மாட்டுவோம். ஒண்ணும் அவசரமில்லே" என்றார். எத்தனை பொறுமையான மனிதர் என்று அந்த நிமிடத்தில் அவரைச் சாமியாகக் கும்பிட்டேன். மழை விட்டது. சாலையில் சைக்கிள் மணி கேட்டது. நாங்கள் இன்னும் பச்சை வயரில்தான் இருந்தோம்.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நெளிந்த மெர்டேக்கா கப்பில் தண்ணீர் எடுத்துப் போய் வாயில் விட்டேன், ஓரத்தில் வழிந்தது. அவர் இடது கையைத் தூக்கினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து முறுக்கினார். விட்டுவிட்டு மறுபடி முறுக்கினார். வாயிலிருந்து "ஆ... ஆ..." என்று ஏதோ வந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. எனக்கு உடனே புரிந்தது, அல்லது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வெள்ளித்தாளை முறுக்கிய அதே விரல்கள், அதே முறுக்கல். நான்தான் வைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். "தெரியும்ப்பா. விடுங்க" என்றேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், இன்னும் வேகமாக முறுக்கினார். சித்தப்பா அதைப் பார்த்தார். "நீ இங்க வந்து வேலையப் பாரு" என்று என்னைக் கூப்பிட்டார்.

கடைசியில் இரண்டு வெள்ளை வயரையும் ஒரே துளையில் வைத்து இறுக்கி, பேட்டரி வயரையும் மாட்டினேன். அப்பாவைக் கோணியோடு பின்சீட்டில் ஏற்றினோம். சித்தப்பா உள்ளே உட்கார்ந்தார். அம்மா ஹேண்டிலை எடுத்தாள். நுனியில் அப்பாவின் முடி ஒட்டியிருந்ததை முந்தானையில் துடைத்துவிட்டு, காரின் மூக்கில் செருகி ஒரே சுற்றுச் சுற்றினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சித்தப்பா இடது கையாலேயே கியரும் போட்டு ஸ்டீயரிங்கும் பிடித்து ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் கைகாட்டி ஒழுங்காக எழுந்தது.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் ஏதோ சொல்ல, நர்ஸம்மா அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்: "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்னு சொல்றாரும்மா." ஜாக்கி நழுவிய கதையை எல்லாரும் நம்பினார்கள். சித்தப்பாவின் கைக்கும் என் கன்னத்துக்கும்கூட அதே ஜாக்கிதான். யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. நம்பாவிட்டாலும் கேட்டிருக்கமாட்டார்கள். அப்பாவை அறிந்தவர்கள் அவர்கள்.

அப்பா அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தார். பேச்சு வரவில்லை, வலது பக்கம் வரவில்லை. அம்மா தையல் தைத்தாள். வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. நான்தான் அவருக்குச் சோறு ஊட்டினேன், துடைத்துவிட்டேன், முடி வெட்டிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அந்த இரண்டு விரலையும் முறுக்கத் தொடங்கிவிடுவார். "தெரியும்ப்பா, எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்பேன். உண்மையாகவே மன்னித்திருந்தேன். ஒரு மனிதன் இத்தனை வருடம் தான் செய்ததை ஒப்புக்கொண்டே இருந்தால் எப்படி மன்னிக்காமல் இருப்பது? உறவுக்காரர்கள் சிகரெட் கேட்கிறார் என்பார்கள். முட்டாள்கள், எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். சித்தப்பா சிரம்பானுக்குப் போய்விட்டார், தீபாவளிக்கு மட்டும் வருவார். அவர் வலது கையில் இரண்டு விரல் கடைசிவரை மடங்கவில்லை. அப்பா முறுக்கத் தொடங்கினால் அவர் எழுந்து கை கழுவப் போய்விடுவார். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது மூன்று பேரும் இல்லை. அந்த ஹேண்டிலும் இல்லை. வெள்ளித்தாள் நோட்டை எந்தக் கரையான் தின்றதோ.

போன வாரத்துக்கு வருகிறேன். மருமகன் கருகிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வித்த காட்றேன் பாருங்க அத்தை. வண்டியக் கெளப்புறேன்" என்றார்.

"ஃபியூஸ் பொட்டி இல்லாமயா?"

"இந்த வண்டியிலே எஞ்சினுக்கு ஃபியூஸே கெடையாது அத்தை. பொட்டி ஹார்னுக்கும் வைப்பருக்கும் பிரேக் லைட்டுக்கும்தான். எஞ்சினுக்குப் போற கரண்டு இந்தத் தொளையில சும்மா ஒட்டிக்கிட்டுப் போவுது. இந்த ரெண்டு வெள்ள வயர முறுக்கிவிட்டாப் போதும்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து முறுக்கினார். அதே முறுக்கல். எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"இதுக்கு எவ்வளவு நேரமாவும்?" என்று கேட்டேன்.

"முறுக்கவா? ஒரு நிமிஷம்கூட ஆவாது அத்தை."

அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கோணியில் கிடந்து, வாய் கோணி, தன் தம்பி நின்று நிதானமாகத் தன்னைக் கொல்வதைப் பார்த்துக்கொண்டு, எனக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ரெண்டையும் முறுக்குடி, முறுக்குடி என்று. பதினொரு வருடமும் அதையேதான் சொன்னார். நான் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டு, மன்னித்துவிட்டேன் என்றேன்.

அழுதேன் என்று சொன்னால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். அழுகை வரவில்லை. சித்தப்பாமேல் கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. கன்னம்தான் எரிந்துகொண்டிருந்தது.

"புதுப் பொட்டிய சாவகாசமா மாட்டிக்கலாம். வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்" என்று மருமகன் கதவைத் திறந்தார்.

"வண்டிய நிறுத்துங்க மாப்பிள்ள" என்றேன். "அந்த ரெண்டு வயரையும் அவுத்துடுங்க. மொதல்ல பழுப்ப மாட்டுங்க. வெள்ளைய கடைசியா வைங்க."

"எதுக்கு அத்தை?"

ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணொண்ணா மாட்டுங்க. ஒண்ணும் அவசரமில்லே" என்றேன்.